மின்னுரிமப் பரீட்சையும் நமது கடமையும்

மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 1937 ஆம் ஆண்டில் அங்கு மின்னாக்கம் தொடங்கிற்று. அதன்பின் சேலம் நாமக்கல் சமவெளியின் வாழ்வு படிப்படியாக மின்கம்பியொடு பிணைந்து விட்டது. பள்ளிபாளையத்து விசைத்தறியும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலையும், நாமக்கல்லின் கோழிப் பண்ணையும், உழவனின் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரும் அதனாலன்றோ இயங்குகின்றன! இவற்றிற்குக் கம்பி இழுப்போர் யாவர்? அத்தகுதியை அவர் எங்ஙனம் பெறுகின்றனர்? கலாசாலையிற் கற்றோர் இவ்வினாவை எழுப்புதல் அரிது. ஆதலின் அதுபற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

மின்னமைப்பு வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையில் செய்வித்தல் வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வகுத்தன. பின்வந்த விதிமுறைகளும் அக்கருத்தையே தழுவி நிற்கின்றன. உதவியாளர், கம்பியாளர், மேற்பார்வையாளர், ஒப்பந்தக்காரர் எனப் படிகள் பல. வயது 21 நிரம்பி, வயரிங் தொழிலில் 5 ஆண்டுக்குக் குறையாத அனுபவம் உடையவர், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடைபெறும் உதவியாளர் தகுதிப் பரீட்சை எழுதலாம். பள்ளிப் படிப்பை இடையில் விட்டாரும் தம் உழைப்பால் ஏறத்தக்க ஏணி இது; போற்றத்தக்கதே.

ஆயினும் இப்பரீட்சைகளுக்கு ஆயத்தமாகும் முறையிற் குறை உண்டு. பழைய வினாக்களையும் அவற்றின் விடைகளையும் மனனம் செய்தாற் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது எத்துணைக் கேடு என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு மோட்டாரின் உட்கம்பி காப்பிழந்து இரும்புக் கூட்டைத் தொட்டது என்று கொள்வோம். மின்னழுத்தம் 230 வோல்ட்டு; எர்த் வழியின் மொத்தத் தடை 23 ஓம். வகுத்துப் பார்த்தால் ஓடும் மின்னோட்டம் 10 ஆம்பியரே. அங்குள்ள பியூஸோ 16 ஆம்பியர் தாங்குவது. அஃது உருகாது, மோட்டாரும் நில்லாது, கூடு முழுதும் உயிர்க்கொல்லியாய் நிற்கும். ஈரக் காலொடு அதனைத் தொடுபவன் கதி என்னாம்? ‘எர்த் போட்டாயிற்று’ என்பதில் ஐயமில்லை. எனினும் அது காவாது. 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பை அறுக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இத்தகைய இடத்திற்கு ஏன் வேண்டும் என்பது இக்கணக்கை அறிந்தவனுக்கே விளங்கும்.

எர்த் குழாய் 2.5 மீட்டருக்குக் குறையாமலும், சுற்றிலும் கரியும் உப்பும் இட்டும் இருத்தல் வேண்டும் என்பது புத்தக விடை. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பாறை நிலத்தில் அவ்வாழம் தோண்டுமுன் கடப்பாரை மடங்கும். கோடையில் மண் உலர்ந்தால் தடையும் ஏறும். அங்கே குழாயைச் சாய்த்துப் புதைத்தோ, ஒன்றுக்கு இரண்டாய் இணைத்தோ, கருவி கொண்டு அளந்து பார்த்தலே அறிவுடைமை. மனனம் செய்தவன் அளவான், கற்றவன் அளப்பான்.

‘இருபது ஆண்டு கம்பி இழுத்தவனுக்குப் பரீட்சை எதற்கு?’ என்பார் உளர். கை பழகியதை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் தப்பிப் பிழைத்த பிழைகள் நாளடைவில் வழக்கமாகி விடுகின்றன. அவற்றை வழக்கமன்று, பிழை என்று காட்டுவது கணக்கேயாம். இனி, உரிமம் உடையார் சிலர் வேலையிடத்தை ஏறிட்டும் பாராது, கைப்பொருள் பெற்றுக் கையொப்பம் இடுகின்றனர். இஃது அறியாமையினும் கொடிது. அறியாதவன் பிழை செய்கின்றான். இவனோ பிறர் பிழைக்குத் தன் பெயரைப் போர்வையாக விற்கின்றான்.

நாம் செய்யத்தக்கது யாது? நம் கலாசாலையின் பௌதிகச் சோதனைச்சாலை மாலை வேளையிற் பூட்டிக் கிடக்கின்றது. அப்பொழுதே கம்பியாளர் வேலை முடித்துக் கரை ஏறுகின்றனர். வாரத்திற்கு இரு மாலை அக்கதவுகள் திறக்கட்டும். நம் மாணவர் அவர்க்கு ஓமின் விதியையும் கணக்கையும் எளிய தமிழிற் கற்பிக்கட்டும். அவர் நம் மாணவர்க்குக் குழாய் வளைக்கவும், இணைப்பு முறுக்கவும், மெக்கர் பிடித்துக் காப்புத்தடை 1 மெகா ஓமுக்குக் குறையாதிருத்தலைச் சோதிக்கவும் கற்பிக்கட்டும். பௌதிகத்தில் முதல் வகுப்பில் தேறியும் வீட்டில் ஒரு பியூஸ் கட்ட அஞ்சும் பட்டதாரிகள் நம்முள் இலரோ? இருசாராரும் ஒருவர்க்கொருவர் உபாத்தியாயரும் மாணாக்கரும் ஆவது இரு சார்க்கும் ஊதியமே. பழைய மாணவருள் மின்துறையிற் பணி செய்வோர் மாதம் ஒரு மாலை வந்து உதவினும் பெரும்பயன் விளையும்.

உரிமம் என்பது சுவரில் மாட்டும் படம் அன்று. முன்பின் அறியாத ஒருவன் நள்ளிரவில் ஈரக் கையொடு சுவிட்சைத் தொடும்பொழுது, அவன் உயிருக்கு நாம் எழுதிக் கொடுத்த பிணைச்சீட்டு அது. அங்ஙனம் எண்ணி ஆயத்தமாவோர்க்குப் பரீட்சை அச்சம் தாராது. அவர் இழுத்த கம்பியும் பிறர்க்கு அச்சம் தாராது.