மன்றும் மின்வழியும்

திருவாரூரில் மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்தான் என்பது நம் நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் வரலாறு. கன்றை இழந்த பசுவும் அம்மணியை அசைத்து முறையிட்டதாம். குறையுடையார் எவராயினும் தம் குறையை மன்னன் செவிக்கு எட்டச் செய்தல் கூடும் என்பதே அம்மணியின் கருத்தாகும்.

இக்காலத்தில் முறை வேண்டுவோர் நாடும் இடம் நீதிமன்றம். அங்கே மனுக்கள் நெடுங்காலமாகத் தாளிலேயே எழுதப்பெற்றுக் கட்டுக்கட்டாய்ச் சுமக்கப்பெற்றன. வாய்தா நாளை அறிதற்கும் சிற்றூரார் ஒருநாட் கூலியை இழந்து நகருக்குச் செல்ல நேர்ந்தது. இவ்விடர்களைக் களையும்பொருட்டு, இந்தியாவில் 2007 ஆம் ஆண்டில் மின்னணு நீதிமன்றத் திட்டம் தொடங்கப்பெற்றது. இன்று வழக்குரைஞர் தம் இடத்திலிருந்தே இணையவழி மனுத் தாக்கல் செய்யலாம். ஒவ்வொரு வழக்கிற்கும் எழுத்தும் எண்ணுமாக 16 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. அதனைக் கொண்டு வழக்கின் நிலையைக் கைப்பேசியிலேயே அறியலாம்.

'பழைய முறையே போதும். இத்துணை விரைவு எதற்கு?' என்பாரும் உளர். அவர்க்கு 2021 ஆம் ஆண்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று விடை பகரும். அவ்வாண்டு சூலை 8 ஆம் நாள், ஆக்ரா சிறையிலிருந்த 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கிற்று. அவர்கள் குற்றம் நிகழ்ந்த காலத்தில் சிறுவராய் இருந்தோர். 14 ஆண்டுகட்கு மேல் சிறையில் உழன்றோர். ஆயினும் ஆணையின் சான்றிட்ட படி அஞ்சலில் வந்து சேராமையால் அவர்கள் உடனே விடுவிக்கப்பெற்றிலர். மன்றிலே பிறந்த ஆணை, சிறைவாயிலை அடையாது வழியிலே தங்கிற்று. உச்ச நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து வழக்காக ஏற்றது. அதன் பயனாக, ஆணைகளை மின்வழியே பாதுகாப்பாக அனுப்பும் 'ஃபாஸ்டர்' என்னும் முறை 2022 மார்ச்சு 31 இல் தொடங்கப்பெற்றது. ஒரு நாள் தாழ்ப்பினும் ஒருவனது உரிமை ஒரு நாள் பறிபோகும் அன்றோ?

எனினும், கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. கணிப்பொறி அறியா முதியோரும், இணையம் எட்டா மலையூர் மக்களும் நம்மிடையே உளர். மின்வழி ஒன்றே வழி என விதிப்பின், அவர்க்கு மன்றின் கதவு அடைபடும். நீதிமன்ற வளாகங்களில் அமைந்த இ-சேவா மையங்கள் இத்தகையோர்க்கு உதவுகின்றன. அவை வட்டந்தோறும் பெருகுதல் வேண்டும். தாளில் எழுதிக் கொணரும் ஏழையின் மனுவும் ஏற்கப்பெறுதல் வேண்டும்.

மணி எத்துணைப் பெரிதாயினும், கயிறு எட்டாதவர்க்கு அதனால் பயன் யாது? மின்வழி என்னும் புதிய மணிக்கும், எல்லார் கைக்கும் எட்டும் கயிற்றைக் கட்டுவதே அரசின் கடன்.