அக்காவா, கங்காணியா?

திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு காம்பவுண்டுக்குச் சில மாதங்களுக்கு முன் சந்தா வசூலுக்காகப் போயிருந்தோம். ஒரு வீட்டில் உட்கார இடமில்லை. கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலும் புரோட்டீன் பவுடர் டப்பாக்கள், பற்பசைப் பெட்டிகள், தரை துடைக்கும் திரவக் கேன்கள். "என்னம்மா, கடை வைத்துவிட்டாயா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டோம். அந்தச் சகோதரி அழத் தொடங்கிவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர் அவர். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அவருடைய கம்பெனியில் ஆர்டர் சுருங்கியது. முதலில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். பிறகு அதுவும் இல்லை. அந்தச் சமயம் பார்த்து அடுத்த தெரு அக்கா ஒருவர் வந்தார். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், நேர்விற்பனைத் தொழில், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றார். இந்தத் தொழிலில் அழைத்து வருகிறவருக்கு அப்லைன் என்று பெயர். மேடையில் குரு என்றும் வழிகாட்டி என்றும் சொல்வார்கள்.

அக்கா வழிகாட்டிய அழகைக் கேளுங்கள். காலை ஐந்தரை மணிக்குப் போன்: "எழுந்தாச்சா? இன்னைக்கு எத்தனை பேரைப் பார்க்கப் போறே?" இரவு பதினொன்றுக்கு மறுபடியும் போன், அன்றைய கணக்கை ஒப்பிக்க வேண்டும். சொந்தக்காரர், பழைய சிநேகிதிகள், பிள்ளையின் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நூறு பேர் பெயரை நோட்டில் எழுதித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் கூட்டம், டிக்கெட் 300 ரூபாய். புருஷன் இது வேண்டாம் என்று சொன்னால் அவர் 'நெகட்டிவ்' மனிதர், அவரிடம் தொழிலைப் பற்றிப் பேசவே கூடாது. மாதக் கடைசி வாரம் மட்டும் குரல் தேனாகிவிடும். "கொஞ்சம் பாயிண்டுதான் குறையுது கண்ணு. நீ ரெண்டு டப்பா எடுத்துக்கிட்டீன்னா ரெண்டு பேருமே லெவல் ஏறிடலாம்." மாட்டேன் என்றால், "உனக்காக எவ்வளவு பாடுபட்டேன், இதுதானா நன்றி?" என்று ஒரு அழுகை.

சில தோழர்களிடம் இதைச் சொன்னோம். "பேராசை. பட்டால்தான் புத்தி வரும்" என்றார்கள். இந்தப் பேச்சு நமக்குச் சம்மதமில்லை. சம்பளம் நின்றுபோன வீட்டில் அரிசிக்கு வழி தேடுவது பேராசையா? இவருடைய உழைப்பை வாங்குகிறார்கள். பஸ் செலவும் போன் செலவும் அவர் கைக்காசு. கூலி கிடையாது, லீவு கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. சங்கம் தேடிப்போக வேண்டிய தொழிலாளி அல்லவா அவர்? நாம் தேடிப்போகாத வீட்டுக்கு அந்த அக்கா தேடிப்போனார் என்பதுதான் உண்மை.

இன்னொரு தோழர், அந்த அக்கா குணம் சரியில்லை, ஒதுங்கிவிட்டால் போதும் என்றார். குணத்தைப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. இந்தச் சகோதரி ஒரு டப்பா வாங்கினால், அதை அவர் விற்றாரோ, கட்டிலுக்கு அடியில் தள்ளினாரோ, பாயிண்டு அக்காவின் கணக்கில் ஏறிவிடுகிறது. அக்காவுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர். மேலிருந்து விரட்டு வந்தால் கீழே இருப்பவரை விரட்டித்தான் ஆக வேண்டும். அன்பும் அதட்டலும் அந்தக் கமிஷனில் முளைத்தவை.

தமிழனுக்கு இது பழைய கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜில்லாக்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணி யார்? வெள்ளைக்காரன் அல்ல. பெரும்பாலும் அதே ஊர்க்காரன், சொந்தக்காரன், அண்ணன், மாமன் என்று கூப்பிடப்பட்டவன். தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனைக்கும் தலைக்காசு அவனுக்கு வந்தது. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறின. அந்தக் கடனைக் குறித்த 'துண்டு'ச் சீட்டைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும். அந்த முறை சட்டப்படி ஒழிய 1921 ஆயிற்று. அடுத்த தெரு அக்காவும் கங்காணியும் ஒன்று என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. இந்தச் சகோதரி எழுந்து வெளியே போனால் யாரும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் அவரும் மூன்று மாதமாக எழுந்து போகவில்லையே, ஏன்? மாமன் முறைக்காரனிடம் முகத்தை முறித்துக்கொள்ளத் தயங்கிய அதே தயக்கம்தான்.

ஆகவே அந்தச் சகோதரியிடம் தைரியமாக இரு என்று உபதேசம் செய்வதில் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்தோம். முதலில் கணக்குப் போட்டோம். மூன்று மாதத்தில் விற்ற லாபமும் கமிஷனும் சேர்த்து வரவு 6,850 ரூபாய். பாயிண்டுக்காக வாங்கி விற்காமல் கிடக்கும் சரக்கு 11,400, கூட்ட டிக்கெட் ஐந்துக்கு 1,500, பஸ் 1,240, இலவசமாகக் கொடுத்த சாம்பிள் 900; ஆகச் செலவு 15,040. நஷ்டம் 8,190 ரூபாய். அந்தக் காகிதத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை, தான் சரியாக உழைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாராம்.

பிறகு அவரே தன் கையால் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். காசு கொடுத்து ஆர்டர் தந்தவர்களுக்கு மட்டுமே இனிச் சரக்கு எடுப்பேன். காலை ஒன்பதுக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் போனை எடுக்க மாட்டேன். பெயர்ப் பட்டியல் தர மாட்டேன். தந்ததில் யாரையும் என் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். கடன் வாங்கிச் சரக்கு எடுக்க மாட்டேன். என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச வேண்டாம். காரணம் எதுவும் எழுத வேண்டாம் என்று நாம் சொல்லியிருந்தோம். காரணம் சொன்னால் அக்காவிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் சொல்லித் தருவதே அதைத்தானே!

அக்கா சும்மா இருப்பாரா? நூற்றுக்கணக்கில் சரக்கு எடுத்தவர்கள்தான் முன்னேறினார்கள், கோர்ட்டே இந்தத் தொழிலைச் சரி என்று சொல்லிவிட்டது என்றார். எந்தத் தீர்ப்பு? இந்தத் தொழில்காரர்கள் கொண்டாடுவது 1979இல் அமெரிக்காவின் வர்த்தகக் கமிஷன் ஆம்வே கம்பெனி விஷயத்தில் சொன்ன தீர்ப்பு. பிரமிடு மோசடி அல்ல என்று அது சொன்னது வாஸ்தவமே. எதை வைத்துச் சொன்னது? வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்றிருக்க வேண்டும், மாதம் பத்து வாடிக்கைக்காரருக்காவது விற்றிருக்க வேண்டும், விற்காத சரக்கைத் திரும்ப வாங்க வேண்டும் என்று அந்தக் கம்பெனியிலேயே விதிகள் இருந்ததை வைத்து. கட்டிலுக்கு அடியில் குவித்து வை என்று அந்தத் தீர்ப்பில் எங்கும் இல்லை. நம் நாட்டிலும் 2016இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட நேர்விற்பனை நெறிகள், விற்க முடிகிற அளவுக்கு மேல் சரக்கு வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, விற்பனைக்குத் தகுதியான சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டும் என்கின்றன. 2021 டிசம்பரில் வந்த விதிகள் பிரமிடுத் திட்டங்களைத் தடை செய்து, எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், சேருவதற்குக் கட்டணம் கூடாது என்கின்றன. ஒப்பந்தம் எங்கே என்று கேட்டோம். பெட்டிக்கு அடியில், உறை பிரிக்காமல் இருந்தது.

சட்டம் காகிதத்தில் இருப்பதால் மட்டும் கம்பெனி அசைந்துவிடும் என்று நாம் நம்புகிறவர்கள் அல்ல. அந்த அக்காவுக்குக் கீழே அதே காம்பவுண்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூவரும் சேர்ந்து ஒரே நாளில் கம்பெனிக்கு எழுதினார்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போவோம் என்றும் சேர்த்தார்கள். இந்தச் சகோதரியின் பதினொரு டப்பாவில் சீல் உடையாத ஏழை எடுத்துக்கொண்டார்கள். மூவரையும் குழுவிலிருந்து நீக்கினார்கள். அன்று இரவு பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன் என்றார் சகோதரி.

இதை எழுதும்போது நமக்கும் சுருக்கென்கிறது. இரவு பத்து மணிக்குத் தோழர்களை எழுப்பி, "பத்திரிகைக் கோட்டா என்ன ஆச்சு?" என்று அதட்டியவர்கள்தான் நாமும். விற்காத பிரதிக்குத் தன் கைக்காசைக் கட்டிய தோழர்கள் நம் கிளைகளிலும் உண்டு. முடியாது என்று சொல்ல அவர்களுக்கு இடம் கொடுத்தோமா என்று யோசித்துப் பார்த்தால், எல்லா நேரமும் கொடுக்கவில்லை.

சென்ற வாரம் அந்த அக்கா இந்தச் சகோதரியின் வீட்டுக்கு வந்தாராம். காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வந்தார். சண்டைக்கு அல்ல. கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு நாலு டப்பாதான் மிச்சமா?" என்று கேட்டார். அவர் வீட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கிறதாம். நகையும் அடமானத்தில் இருக்கிறதாம். அந்தக் கணக்குக் காகிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அவருடைய கூட்டம் நடக்கும் அதே நேரத்தில், சங்க ஆபீசுக்கு நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறோம்.