பள்ளி மைதானம் யாருக்குச் சொந்தம்?

பள்ளி விளையாட்டுப் போட்டியில் சேர வேண்டுமானால், ஏதேனும் ஒரு பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். தலைமையாசிரியரின் சான்று வேண்டும். பெயரில்லாத பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

யார் இந்தப் பிள்ளைகள்? தாய் தகப்பனே வீட்டில் பாடம் சொல்லித்தரும் வசதியான பிள்ளைகள் சிலர் உண்டு. பெரம்பலூர், அரியலூர் சீமையில் நாம் காண்பது வேறு. பருத்திக் காட்டுக்கும் வெங்காயக் காட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் கூலிக்குப் போய்ப் படிப்பு நின்றவர்கள். நூற்பாலைக்கு அனுப்பப்பட்ட பெண்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் அரசுப் பள்ளி அணியில் ஆடலாம் என்று 1996இல் சட்டம் வந்தது. அப்படி ஆடிய டிம் டீபோ 2007இல் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயர்ந்த விருதை வென்றார். அங்கே அந்தப் பெற்றோருக்குக் குரல் இருந்தது. இங்கே கூலிக்காரன் பிள்ளைக்காக யார் பேசினார்கள்?

பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத நம் சர்க்கார் அனுமதிக்கிறது. பரீட்சைக்கு உள்ள வாசல் பந்தயத்துக்கு ஏன் இல்லை?

முதலமைச்சர் கோப்பையில் பொதுப்பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் அதில் வயது 15 முதல் 35 வரை. பதினைந்து வயதுச் சிறுமி முப்பது வயது வீராங்கனையோடு மோத வேண்டும். இது நியாயமா?

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்னை அல்ல, தோழர்களே! விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்தப் படிக்கட்டின் முதல் படி பள்ளிப் போட்டிதான்.

வெளியாட்களைக் கூட்டிவந்து கோப்பையைத் தட்டிச் செல்வார்கள் என்ற ஆட்சேபம் எழும். பிறப்புச் சான்று கேளுங்கள். குடியிருக்கும் ஊர்ப் பள்ளிக்கு மட்டும் ஆடட்டும். ஆண்டுக்கு ஒரே அணி என்று விதி செய்யுங்கள். படிப்பை விடுவோர் பெருகுவார்கள் என்பதும் தவறு. மாலைதோறும் மைதானத்துக்கு வரும் பிள்ளையை ஆசிரியர் திரும்ப வகுப்புக்கு அழைக்க முடியும். வராத பிள்ளையை யார் அழைப்பது?

பள்ளி மைதானம் உழைப்பவர் வரிப்பணத்தில் உண்டானது. 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைத் திறந்துவிட வேண்டும். மே தினத்தன்று கூடும் கிராம சபைகளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம். ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து கை உயர்த்துவோம்!