பிளேம்னு பேர் வெச்சது யாருங்க?

மக்களே, மும்பையில நான் ஆணி புடுங்குற எடத்துல ஒரு கூத்து. கடன் வட்டி கணக்குல பைசா இடிக்குது. பெரியவர் 'கிட் பிளேம்' ஓட்டச் சொன்னார். அந்த வரிக்கு நேரா ஒரு சின்னப் பையன் பேர். இன்னும் புரொபேஷன்கூட முடியல, அதுக்குள்ள மெமோ!

பையன் செஞ்சது என்ன? டேபை எடுத்துட்டு ஸ்பேஸ் போட்டு வரியை ஒழுங்கா அடுக்கினான். பிளேம் காட்டுறது கடைசியா தொட்டவன் பேரை. தப்பு பண்ணவன் பேரை இல்லை சாமி! '-டபிள்யூ' சேர்த்து, இடைவெளி மாற்றத்தை ஒதுக்கிட்டு ஓட்டினா 2016ல எழுதின வேற ஆள் வர்றார். அவர் வேலையை விட்டே போயாச்சு.

நான் பி.காம். எனக்குத் தெரிஞ்சது வவுச்சர். அதுல போட்டவர், சரிபார்த்தவர்னு ரெண்டு கையெழுத்து இருக்கும். தப்புன்னா ரெண்டு பேரையும் கூப்பிடுவாங்க. பிளேம்ல சரிபார்த்தவருக்குக் கட்டமே கிடையாது. போட்டவர் பேரும் அவரவர் கணினியில தானே எழுதி வெச்சுக்குறது, என் பேரைக்கூட எழுதலாம் :-)

கம்பெனிக் கணக்கு மென்பொருள்ல ஒவ்வொரு திருத்தமும் தேதியோட பதிவாகணும், அதை நிறுத்தவும் முடியக் கூடாதுன்னு 2023 ஏப்ரல்ல விதியே வந்தாச்சு. கிட்லயும் முழு வரலாறு இருக்கு. பார்க்கத்தான் ஆளில்லை. சப்வெர்ஷன்ல இதே கட்டளைக்கு 'பிரெய்ஸ்'னு இன்னொரு பேர் உண்டு. பாராட்ட யாராவது ஓட்டிப் பார்த்திருக்கீங்களா?

2016 மாற்றத்துக்கு ஓக்கே சொன்னது யாருன்னு பழைய மெயில்ல தேடினேன். சாட்சாத் நம்ம பெரியவர்! பிரிண்ட் எடுத்து மேசையில வெச்சுட்டு, மெமோவை வாபஸ் வாங்குங்க சார்னு கேட்டேன். திங்கக்கிழமை பார்க்கலாம்னார்.