ராமேஸ்வரம் கோபுரத்தில் மின்னலை அளக்கலாமே

ராமேஸ்வரத்தில் கோயில் கோபுரத்தையும் மிஞ்சி நிற்பது தூர்தர்ஷன் கோபுரம். உயரம் 323 மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் திரண்டால் மின்னலுக்கு அந்தத் தீவில் இதைவிட வசதியான இலக்கு கிடையாது.

இத்தனை உயரத்தில் மின்னல் பெரும்பாலும் இறங்கி வருவதில்லை. கோபுர உச்சியிலிருந்து கிளம்பி மேகத்துக்கு ஏறுகிறது! இத்தகைய மின்னல்களையும் மேகத்திலிருந்து வரும் இறங்குமின்னலையும் அளந்த முன்னோடிகளில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் பெர்கர். சான் சால்வதோரே மலையில் 1940-களில் அவர் தொடங்கிய ஆய்வின்படி, இறங்குமின்னலின் முதல் வீச்சு நடுமதிப்பாக 30,000 ஆம்பியர். இடிதாங்கிக்கான சர்வதேச விதிகள் பெரிதும் அந்தக் கணக்கைச் சார்ந்தவை. ஆனால், பிரேசிலின் மோரோ டோ காச்சிம்போ மலைக் கம்பத்தில் அது சுமார் 45,000 ஆம்பியர்.

ஆல்ப்ஸ் மலைக் கணக்கு மன்னார் வளைகுடாவுக்கு அப்படியே பொருந்துமா? சந்தேகம்தான்.

புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் மின்னல் விழும் இடங்களைக் கண்டறிகிறது; ‘தாமினி’ செயலி எச்சரிக்கிறது. நல்லது. ஆயினும் மின்னோட்டத்தை நேரடியாக அளக்கக் கோபுரம்தான் வேண்டும். உச்சியிலுள்ள இரும்புக் கம்பத்தைச் சுற்றி ரோகோவ்ஸ்கி சுருளை மாட்டினால் போதும். (இறங்குமின்னலுக்குக் குட்டையான கம்பம் ஒன்று தனியாகத் தேவைப்படும்.)

2022-இல் மட்டும் நாட்டில் மின்னலுக்கு 2,887 பேர் பலியானார்கள். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியும் புனே நிறுவனமும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் இந்த அளவீட்டைத் தொடங்க வேண்டும்.