வாசலுக்கு ஒரு கதிர் வளையம்

சரஸ்வதி பூஜைக்குப் பத்து நாள் முன்பு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் பிளாஸ்டிக் தோரணம் ஒன்றை விலை கேட்டேன். முந்நூற்றைம்பது ரூபாயாம்! மாதக் கடைசி வேறு. பேசாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் வராததுமாக என் மாமியாரிடம் புலம்பினேன். மாமா காலமானதிலிருந்து அத்தைக்குப் பேச்சே குறைந்து போயிற்று. சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து எட்டு மாதமாகிறது. வேளைக்கு இரண்டு வாய் சாப்பாடு, பிறகு சுவரைப் பார்த்துப் படுக்கை. டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தலையைத் தூக்கி, "நிலத்துல குறுவை நிக்குது, நீ பிளாஸ்டிக் வாங்கப் போறியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாளே பஸ் ஏறினோம். குத்தகைக்காரர், "பெரியம்மா, மெஷின் மத்தியானம் வந்துடும், அதுக்குள்ள அறுத்துக்குங்க" என்றார். அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் முழுக்கதிர் கிடைக்காது. நெல் வேறு, நசுங்கின வைக்கோல் வேறாகிவிடும். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியதைப் பார்க்க வேண்டுமே!

இனி செய்முறை. கதிர் பொன்னிறமாகத் திரும்பியதும், முற்றி உதிருமுன், ஒன்றரை அடித் தாளோடு அறுக்க வேண்டும். நூற்றிருபது கதிர் போதும். சிறு கொத்துகளாகக் கட்டி, நிழலில் நாலைந்து நாள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு கட்டினால் ஐப்பசி அடைமழையில் பூஞ்சணம் பூத்துவிடும். (அவசரப்பட்டு முதல் நாளே கட்டி, நான் ஒன்றைக் குப்பைக்கு அனுப்பியாயிற்று.)

வளையத்துக்குத் தென்னை ஈர்க்கு இருக்கவே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஈர்க்கை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு அடி அகலத்துக்கு வளைத்து, வாழை நாரால் இறுக்கிக் கட்டுங்கள். காய்ந்த தாளை ஈரத்துணியில் கால் மணி நேரம் சுற்றி வைத்தால் ஒடியாமல் வளையும். ஆறு ஆறு கதிராகப் பிடி எடுத்து, ஒன்றின் தாளை அடுத்த பிடியின் கதிர் மூடும்படி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டே போங்கள். இருபது பிடியில் வளையம் நிறைந்துவிடும். அடியில் நாலு மாவிலை, கடலோரத் தோப்பில் பொறுக்கிய சவுக்குக் காய் கொஞ்சம். புழு பூச்சி அண்டாமலிருக்க உள்ளே வேப்பிலை. செலவு, பஸ் சார்ஜ் நீங்கலாக, நூல்கண்டு பத்து ரூபாய்தான்.

சிவப்பாக ஏதாவது வைக்க ஆசையா? குன்றிமணி மட்டும் வேண்டாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது கீழே விழுந்து, குழந்தை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடி விதை வைக்கலாம். அதையும் குழந்தை மூக்கில் போட்டுக்கொள்ளாமல், நன்றாகத் தைத்து வையுங்கள்.

இன்னொன்று. மேல்நாட்டில் இலையுதிர் காலத்தில் சிவந்த இலைகளை வளையமாகக் கட்டி வாசல் கதவில் மாட்டுவார்கள். படத்தில் பார்த்த என் மகள், பிச்சாவரத்துக்குப் போனபோது சிவந்திருந்த இலைகளைக் காட்டி, "பறிச்சுக்கலாமாம்மா?" என்றாள். அத்தைதான் கையைப் பிடித்து இழுத்தார். அது தில்லை மரம்! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம். உதிருமுன் இலை அழகாகச் சிவக்கும். ஆனால் கிள்ளினால் வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, தோலும் புண்ணாகும். பார்த்து ரசிப்பதோடு சரி.

வளையத்தைச் சாரல் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். நெல்லின் நுனி கண்ணைக் குத்தும். பூஜை முடிந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்குக் குருவிகள் வந்துவிட்டன. வாசலெல்லாம் உமி. நான் விரட்டப் போனால் அத்தை விடவில்லை. "அதுக்குத்தானே கட்டினது?" என்கிறார். இப்போது காலையில் எழுந்ததும் வாசலில்தான் அவருக்குக் காபி.

வெறும் தாளானதும் எதிர்வீட்டுப் பசுவுக்குப் போட்டுவிட்டோம். தைக்குச் சம்பா அறுப்பு வரும், இரண்டு வளையத்துக்குக் கதிர் வேண்டும் என்று குத்தகைக்காரருக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லியாயிற்று. போட்டது நானில்லை.