கப்பல் வியாபாரமும் ஏழைப் பிள்ளைகளும்

ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கு உயர்தரப் பள்ளியிலேயே அந்நிய நாட்டு வர்த்தகம் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால், "கஞ்சிக்கே வழியில்லாதவன் பிள்ளைக்குக் கப்பல் வியாபாரமா?" என்று சிலர் சிரிக்கின்றார்கள். இந்தச் சிரிப்பு புதிதல்ல. சூத்திரன் சக்தியிருந்தாலும் பொருள் சேர்க்கக்கூடாதென்பது மனுதர்மம். கடல் தாண்டினால் சாதி கெடுமென்பது போதாயனர் சூத்திரம். அதை ஓதினவர் வீட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டிவிட்டார்கள். மனுவின் விதி மாத்திரம் நம் பிள்ளைகள் தலையில் நிற்கின்றது. 1953-ல் அரை நாள் படிப்பு, அரை நாள் அப்பன் தொழில் என்று வந்த திட்டமும் அதன் வாரிசுதான். 1954-ல் திட்டம் ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழிந்ததா என்று கேட்கின்றோம்.

ஆம்பூர்த் தோலும் திருப்பூர்ப் பனியனும் கடல் கடந்து போகின்றன. தோலை ஊறவைத்தவனும் துணியைத் தைத்தவளும் கூலியோடு நிற்க, விலை பேசினவன் லாபமடைகின்றான். விலை பேசுவதென்ன தேவரகசியமா? ஏற்றுமதிக்கு வேண்டிய அனுமதி எண்ணுக்குச் சர்க்கார் கட்டணம் 500 ரூபாய். அங்கே சாதியும் கேட்பதில்லை, பட்டமும் கேட்பதில்லை. அடக்கவிலை, கப்பல் கூலி, நாணய மாற்று ஆகிய யாவும் ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்குள் அடங்கியவையே.

படித்தால் முதல் வந்துவிடுமா என்றால், வராது. ஈடு கேட்காத கடனும் வேண்டும். ஆனால் கணக்கறியாதவன் கையில் கொடுத்த கடன் தரகன் வீட்டுக்கே போய்ச் சேரும். ஆகவே பெற்றோர்களே! பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பதோடு திருப்தியடையாதீர்கள். தைத்ததை விற்கவும் சொல்லிக்கொடுக்கின்றீர்களா என்று கேளுங்கள்.